கார் இல்லாத மாப்பிள்ளையும் வாராக்கடன் ரோடும்

முதலிலேயே ஒரு வாக்குமூலம். நான் கார் லோன் கொடுக்கிற ஆள்.

பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரி. வைட்ஃபீல்டுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஓடிவிட்டது. தீபாவளி சீசனில் லோன் மேளா போட்டு, வாசலில் ஷாமியானா கட்டி, பள பளவென்று நாலு காரை நிறுத்தி, வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். டார்கெட் அப்படி. போதாக்குறைக்கு என் வீட்டு பேஸ்மெண்டிலும் ஒரு கார் நிற்கிறது. ஆகவே இதைப் படித்துவிட்டு "நீ என்ன யோக்கியமா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: இல்லை. அதனால்தான் எழுதுகிறேன் :-)

2025 அக்டோபரில் கர்நாடகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் ஒரு விஷயம் சொன்னார். ஹெப்பாலிலிருந்து சில்க் போர்டு வரைக்கும் பூமிக்கு அடியில் கார் போக சுரங்கச் சாலை போடுகிற திட்டத்தைப் பற்றிய பேச்சில் வந்தது. ஜனங்கள் கார் வாங்குவதை நான் எப்படித் தடுக்க முடியும், இப்போதெல்லாம் கார் இல்லாத பையனுக்குப் பெண் கொடுக்கவே யோசிக்கிறார்கள் என்கிற பொருளில் சொன்னார். ஊரே சிரித்தது. மீம்ஸ் பறந்தது.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. நம்ம பக்கம் ஜாதகம் கொண்டு வரும் தரகர்கள் "சொந்த வீடு, கார் இருக்கு" என்பதை நட்சத்திரத்துக்கு முன்னாலேயே சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு ஆறு மாசம் முன்னால் லோனுக்கு வந்து நிற்கும் பையன்களை நான் வாரம் ஒருத்தனாவது பார்க்கிறேன். ஆனால் என் கேள்வி வேறு. மாப்பிள்ளைக்குக் கார் தேவை என்றால் மாமனார் வாங்கித் தரட்டும், அல்லது என்னிடம் லோன் வாங்கட்டும். அது ஓடுவதற்கு ரோட்டை ஊர்க் காசில் ஏன் போட வேண்டும்?

நிற்க. இந்த ஆத்திரம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மாவிடமிருந்து.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கந்தர்வக்கோட்டை பக்கம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்துக் கற்றுக்கொடுக்க வந்த இயக்கம் கூடவே சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். மாவட்டம் முழுக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறிய கதை இன்று வெளியூர்க்காரர்களும் எழுதுகிற கதை.

எனக்கு அது கதை இல்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்த எங்கள் அம்மா விடிவதற்கு முன்னால் கண்மாய்க் கரையில் குறுக்குக் கம்பி வைத்த சைக்கிளில் ஏறிப் பழகும்போது பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு (அம்மாவுக்கு இல்லை, எனக்கு!). பிறகு பேங்க்கில் கடன் வாங்கி ஒரு சைக்கிள் வந்தது. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருந்த காலம் போய், யாரையும் கேட்காமல் கிளம்புகிற காலம் வந்தது. ஒரு தவணை பாக்கியில்லாமல் கடனைக் கட்டி முடித்தார்கள். மன்னர் கல்லூரியில் பி.காம். படித்து நான் வங்கி வேலைக்கு வந்ததற்கு அந்தப் பாஸ்புக்கும் ஒரு காரணம்.

அந்த அம்மா போன மாதம் வைட்ஃபீல்ட் வந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பிள்ளையார் கோவிலுக்குக் கிளம்பினார்கள். எழுநூறு மீட்டர். ஊரில் தினம் இதைப் போல மூன்று மடங்கு நடப்பவர். "நான் கார்ல விடறேம்மா" என்றேன். "எழுநூறு மீட்டருக்கு எதுக்குப்பா காரு? காலு இருக்குல்ல" என்றார்கள்.

அந்த எழுநூறு மீட்டரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கூடவே நடந்து பார்த்தேன். ஆறு வருஷம் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்த ரோடு. முதல் நூறு மீட்டர் பிளாட்பாரம் இருந்தது. பிறகு அதன் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர். இறங்கி ஏறினோம். அடுத்தது ஒரு கட்டடத்துக்குக் கொட்டிய எம்சாண்ட். அடுத்தது வரிசையாக நிறுத்திய ஸ்கூட்டர்கள். நெரிசல் கூடியதும் பைக்குகள் பிளாட்பாரத்தின் மேலேயே ஏறி, நாங்கள்தான் ஏதோ தவறாக வந்துவிட்ட மாதிரி பின்னாலிருந்து ஹாரன் அடித்தன. ரோட்டைக் கடக்க ஏழு நிமிஷம் நின்றோம். அம்மா கேட்டார்கள்: "ஏந்தம்பி, இந்த ஊர்ல மனுசங்க நடக்கவே மாட்டாங்களா?"

திரும்பி வரும்போது சாக்கடைக்கு மேல் போட்ட சிலாப் ஒன்று இல்லை. பேப்பர் கிடந்து மறைத்திருந்தது. அம்மா விழுந்தார்கள். மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டு.

அறுபத்தேழு வயதில் இன்னும் சைக்கிள் ஓட்டுகிற மனுஷி, இந்தியாவின் சாஃப்ட்வேர் தலைநகரத்தில் எழுநூறு மீட்டர் நடக்க முடியாமல் விழுந்தார். பத்து நாளில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். "இங்க இருந்தா நான் கிழவியாயிருவேன் தம்பி" என்று சொல்லிவிட்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். கணக்காகவே பேசுகிறேன்.

பத்து லட்ச ரூபாய் லோன். ஒன்பது சதவீத வட்டி, ஏழு வருஷம். மாதத் தவணை 16,089. முடியும்போது நீங்கள் கட்டியிருப்பது சுமார் 13 லட்சத்து 51 ஆயிரம். பத்து லட்ச ரூபாய் காருக்கு வருமான வரி முறைப்படி ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் போட்டால் ஏழாம் வருஷ முடிவில் புத்தக மதிப்பு சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் தனி. பரவாயில்லை, உங்கள் காசு, உங்கள் இஷ்டம். அதில் மூக்கை நுழைக்க நான் வரவில்லை.

நான் சொல்ல வருவது எந்தப் புத்தகத்திலும் ஏறாத செலவு. ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். அதாவது சுமார் 135 சதுர அடி. ஒரு படுக்கையறை! ஆபீஸ் போய்வர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மீதி இருபத்திரண்டு மணி நேரம் அந்தப் படுக்கையறை எங்காவது படுத்துக் கிடக்கிறது. வைட்ஃபீல்டில் ஒரு அறைக்கு என்ன வாடகை என்று உங்களுக்கே தெரியும். தெருவில் நிற்கும் காருக்கு வாடகை? பூஜ்யம். அந்த இடம் யாருடையது? பெரும்பாலும் பிளாட்பாரத்துக்கு ஒதுக்கியிருக்க வேண்டிய இடம். அதாவது, எங்கள் அம்மாவின் சொத்தை அடமானம் வைத்து என் காருக்குக் கடன். அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் நூறு குடும்பங்களில் கார் வைத்திருப்பவை சுமார் எட்டுதான். சைக்கிள் வைத்திருப்பவை சுமார் ஐம்பது. பெங்களூரில் கார் விகிதம் கூடுதலாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் அபார்ட்மெண்டுக்குச் சமைக்க, பெருக்க, காவல் காக்க வருகிற ஒருவர்கூடக் காரில் வருவதில்லை. எல்லாரும் அந்த சிலாப் இல்லாத பிளாட்பாரத்தில்தான் வருகிறார்கள்.

இன்னொரு எண். 2022-ல் மட்டும் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். மத்திய அரசின் கணக்கு. நாளைக்குத் தொண்ணூறு பேர். இதை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட முடிகிறது என்பதுதான் பயங்கரம்.

இப்போது சில்க் போர்டுக்கு வருவோம். அவுட்டர் ரிங் ரோட்டில் சிக்கிய எந்த வைட்ஃபீல்ட்வாசிக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் பி.பி. ஏறும். 2010 ஜனவரியில் அதன் பக்கத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு சுமார் பத்து கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை திறந்தார்கள். நெரிசல் தீரும் என்றார்கள். தீர்ந்ததா? 2024 ஜூலையில் ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டுக்கு, மேலே மெட்ரோ போகிற மாதிரி இரட்டை அடுக்கு மேம்பாலம் வந்தது. தீர்ந்ததா? தீர்ந்திருந்தால் 2025-ல் அதே சில்க் போர்டுக்குச் சுரங்கச் சாலை எதற்கு?

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. எவர்கிரீனிங். ஒரு கடன்காரர் தவணை கட்டவில்லை. வாராக்கடன் என்று எழுதினால் மேலிடத்தில் திட்டு விழும். அதனால் மேனேஜர் அவருக்கு இன்னொரு கடன் கொடுத்து, அதை வைத்துப் பழைய கடனைக் கட்டினதாகக் காட்டுவார். கொஞ்ச நாள் கணக்கு பச்சையாக இருக்கும். பிறகு இரண்டு கடனும் சேர்ந்து மூழ்கும். ரிசர்வ் வங்கி பிடித்தால் அந்த மேனேஜர் கதி அதோகதி. ஒரே கணக்குக்கு மூன்றாவது முறை கடன் சாங்ஷன் பண்ணுகிற மேனேஜரை நான் பார்த்ததில்லை. நகரத்தில் பார்க்கிறேன்.

ஏன் தீரவில்லை என்பதற்குப் பெரிய பொறியியல் வேண்டாம், பி.காம். முதல் வருஷப் பாடம் போதும். விலை பூஜ்யமாக இருக்கும் சரக்குக்குக் கியூ நீண்டுகொண்டேதான் போகும். கவுண்டரைப் பெரிதாக்கினால், இதுவரை வராதவனும் வருவான். ரோடு அகலமானதும், பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் என்னிடம் லோன் கேட்டு வருகிறார். நானும் கொடுக்கிறேன். டார்கெட்!

சுரங்கச் சாலையின் நீளம் சுமார் 16.7 கி.மீ. 2025 மதிப்பீடு சுமார் 17,700 கோடி. கிலோமீட்டருக்கு ஆயிரம் கோடிக்கு மேல். பக்கத்தில் இதை வையுங்கள்: பெங்களூரு புறநகர் ரயில், 148 கி.மீ., 2020-ல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டபோது மதிப்பீடு 15,767 கோடி. கிலோமீட்டருக்கு நூற்றிச் சொச்சம் கோடி. பத்துக்கு ஒன்று. விலைவாசி ஏறியிருக்கும், சரி, ரயில் செலவை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் ஐந்துக்கு ஒன்று. அந்த நாலு வழித்தடத்தில் ஒன்று கெங்கேரியிலிருந்து நம்ம வைட்ஃபீல்டுக்கு. 'சுக்கு புக்கு பேக்கு' என்று கன்னடத்தில் கோஷம் போட்டு 2016-லேயே ஊர் மக்கள் கேட்ட ரயில். 2022 ஜூனில் பிரதமர் அடிக்கல் நாட்டி, நாற்பது மாதத்தில் முடிப்போம் என்றார். நாற்பது மாதம் 2025 அக்டோபரில் முடிந்தது. ஒரு தடத்திலும் ரயில் ஓடவில்லை. அதே அக்டோபரில்தான் நமக்கு மாப்பிள்ளைக் கதை சொன்னார்கள்.

மெட்ரோவைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2023 மார்ச் 25-ல் கே.ஆர். புரம் வரைக்கும், அக்டோபர் 9-ல் நடுவில் விட்டுப்போன துண்டும் திறந்து, வைட்ஃபீல்ட் முழு ஊருடனும் சேர்ந்தது. வரப்பிரசாதம். ஹோப் ஃபார்மில் ஏறினால் நல்லூர்ஹள்ளி நாலாவது ஸ்டேஷன். காரில் காலை நேரத்தில் நாற்பது நிமிஷம் ஆவது பத்து நிமிஷத்தில் முடிகிறது. ஆனால் ஸ்டேஷன் படியை விட்டு இறங்கினால் மறுபடி அதே பிளாட்பாரம். போதாதென்று 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 60-லிருந்து 90 ஆக்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. (சைக்கிளுக்கும் 12-லிருந்து 5 ஆகக் குறைத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஓட்ட இடம்தான் இல்லை.)

இனி வழக்கமாக வரும் ஆட்சேபணைகள்.

1. "நாங்கதான் ரோடு டாக்ஸ் கட்டுறோம்." கட்டுகிறீர்கள், கர்நாடகத்தில் நிறையவே கட்டுகிறீர்கள். ஆனால் சுரங்கமும் மேம்பாலமும் அந்தக் காசில் மட்டும் எழும்புவதில்லை. சோப்பு வாங்குகிறவர் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. அவர் காரில் போகவில்லை.

2. "வயசானவங்க, முடியாதவங்க எப்படி நடப்பாங்க?" எங்கள் அம்மாவைக் கேளுங்கள். வயதானவர்களில் எத்தனை பேர் கார் ஓட்டுகிறார்கள்? நல்ல பிளாட்பாரம் இல்லாத ஊரில் முதலில் வீட்டுக்குள் முடங்குவது அவர்கள்தான்.

3. "வெயில், மழை, தூசி." மூவாயிரம் அடி உயரத்தில், இந்தியாவிலேயே நடக்க ஏற்ற காற்று உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறோம். தி.நகர் வெயிலில் பாண்டி பஜாருக்கு 2019-ல் அகல நடைபாதை போட்டார்கள். குடும்பம் குடும்பமாக நடக்கிறது. இதே பெங்களூரில் சர்ச் ஸ்ட்ரீட்டை 2018-ல் கல் பாவி நடக்கிற தெருவாக்கினார்கள். ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. வைட்ஃபீல்டுக்குச் செய்யவில்லை.

4. "இதெல்லாம் ஐரோப்பாவுக்கு சரி." நெதர்லாந்து பிறக்கும்போதே சைக்கிளோடு பிறக்கவில்லை ஐயா. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் செத்தவர்கள் மூவாயிரத்துக்கு மேல், அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவில் இறங்கிச் சண்டை போட்ட பிறகுதான் ரோடு மாறியது.

நம் ஊரிலும் ஆதாரம் கையில் இருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் போட்ட பொதுநல வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி. உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து ஒரு டாக்டர் கோர்ட்டுக்குப் போனார். உடைந்த மணிக்கட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது, வெட்கமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. மெட்ரோ ஸ்டேஷன் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு, சக்கர நாற்காலி போகிற மாதிரி பிளாட்பாரம். 2019 அக்டோபரில் கே.ஆர். புரத்திலிருந்து சில்க் போர்டு வரை பஸ்ஸுக்குத் தனிப்பாதை ஒதுக்கினார்களே, பிறகு மெட்ரோ வேலையில் காணாமல் போனதே, அது திரும்ப வேண்டும். தெருவில் நிறுத்தும் காருக்கு, என் கார் உட்பட, வாடகை. இதெல்லாம் முடிந்த பிறகும் காசு மிஞ்சினால் சுரங்கம் தோண்டுங்கள், நானே வந்து மண் சுமக்கிறேன்.

என் பங்குக்கு: காரை விற்றுவிட்டேன் என்று சொல்லி உங்களை அசத்த ஆசைதான், விற்கவில்லை. தங்கமணியின் அப்பாவுக்கு டயாலிசிஸ் இருக்கிறது, அதற்கு வேண்டும். ஆனால் கிளைக்கு இப்போது மெட்ரோதான். ஸ்டேஷனுக்குக் காலால்தான். வழியில் இல்லாத சிலாப்களைப் போட்டோ எடுத்து வார்டு ஆபீசுக்கு வாரா வாரம் அனுப்புகிறேன். வங்கிக்காரனுக்கு ரிமைண்டர் அனுப்பவா தெரியாது? இதுவரை பதினொன்றில் இரண்டுக்கு மூடி வந்திருக்கிறது. அம்மா விழுந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

அப்புறம், ஆறு வருஷத்தில் எங்கள் கிளையில் எத்தனை சைக்கிள் லோன் கொடுத்திருக்கிறோம் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

நேற்று போனில் அம்மாவிடம் பேசினேன். கட்டுப் பிரித்தாயிற்று. "பிளாட்பாரம் போட்டாங்களா தம்பி?" என்றார்கள். இல்லைம்மா என்றேன். "அப்ப நீங்க வாங்க. பாப்பாவுக்கு நான் சைக்கிள் சொல்லித் தர்றேன். பதினாலு வயசாச்சு, இன்னும் கார்லயே கொண்டு போய் விட்டுட்டு இருக்கீங்க."

அரையாண்டு லீவுக்குப் போகிறோம். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட எனக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, மணி எட்டரை. நடக்கணும்.